லட்சியம்: பொருள், வழக்கு, வேர்

சொல்லடுக்கு:
வணக்கம். ஒரே செய்தியில் இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வரலாம், படிப்பவர் யாருக்கும் இடறாது.

“உயிரை லட்சியம் செய்யாமல் கிணற்றில் குதித்துக் குழந்தையை மீட்டார்.”
“தீயணைப்புத் துறையில் சேர்வதே அவருடைய லட்சியம்.”

முதலாவதில் லட்சியம் என்றால் பொருட்படுத்துதல். இரண்டாவதில் வாழ்நாள் குறிக்கோள். இது ஒரே சொல்லா, ஒலி ஒத்த இரண்டு சொற்களா? இலக்கு, இலக்கியம், லட்சம், லட்சணம், அலட்சியம் இவற்றோடெல்லாம் என்ன உறவு? இன்னொன்று: ‘அம்பிஷன்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் லட்சியம் என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்துகிறதா? தெரிந்தவர்கள் விரித்துச் சொல்லுங்கள்.

பனையோலை:
ஒரே சொல்தான். வேர், வடமொழியின் ‘லக்ஷ்’. உற்றுப் பார்த்தல், குறித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். ‘லக்ஷ்யம்’ என்றால் உற்றுப் பார்க்கப்படுவது, பார்க்கப்பட வேண்டியது. வில்லாளிக்கு அது அம்பு தைக்க வேண்டிய இடம். முண்டக உபநிடதம் பிரணவத்தை வில் என்றும் ஆன்மாவை அம்பு என்றும் பிரம்மத்தை லக்ஷ்யம் என்றும் சொல்கிறது. தவறாமல் எய்து, அம்பு குறியோடு ஒன்றுவதுபோல் அதனோடு ஒன்ற வேண்டும் என்கிறது. ஆக, குறிபார்க்கும் இடத்திலிருந்து வாழ்வின் உயர்ந்த நோக்கத்துக்கு இந்தச் சொல் நகர்ந்தது அண்மைக்கால வேலை அல்ல. வடமொழியிலேயே அது பழையது.

சரி, ‘உயிரை லட்சியம் செய்யாமல்’ எங்கிருந்து வந்தது? அதே வேரிலிருந்துதான். உயிரைப் பார்க்காமல், கணக்கில் கொள்ளாமல். பார்ப்பதும் மதிப்பதும் தமிழிலும் ஒரே வினையில் அடங்கும். குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தில் எல்லோரும் பள்ளியில் படித்த பாட்டு இருக்கிறது:

மெய்வருத்தம் பாரார் பசிநோக்கார் கண்துஞ்சார்
எவ்வெவர் தீமையும் மேற்கொள்ளார் - செவ்வி
அருமையும் பாரார் அவமதிப்பும் கொள்ளார்
கருமமே கண்ணாயி னார்.

‘பாரார்’, ‘நோக்கார்’ என்பவை இங்கே அப்படியே ‘லட்சியம் செய்யார்’. ‘கருமமே கண்ணாயினார்’ என்பதில் அதே கண், லட்சியத்தின் மற்றப் பொருளுக்குப் போய்விடுகிறது. உடல்நோவையும் பசியையும் லட்சியம் செய்யாதவருக்குக் கருமமே லட்சியம். நீங்கள் காட்டிய இரண்டு வாக்கியங்களும் இந்த ஒரே வெண்பாவுக்குள் இருக்கின்றன. பார்வை ஒன்றின்மேல் குவிந்தால் மற்றவை பார்வையிலிருந்து விலகும். லட்சியம் என்ற சொல்லுக்கு இரண்டு முகம் வந்தது இதனால்தான். நம் ‘நோக்கு’ம் இதே வழியில்தான் ‘நோக்கம்’ ஆனது.

வடகரை:
பனையோலை ஐயா சொன்னதோடு ஒரு வழக்குக் குறிப்பு. பொருட்படுத்துதல் என்ற பொருளில் இந்தச் சொல் இன்று எதிர்மறையோடுதான் வாழ்கிறது. ‘லட்சியம் செய்யாமல்’, ‘லட்சியம் பண்ணாதே’, ‘அவனை யாரும் லட்சியம் பண்றதில்ல’, ‘எனக்கு அதெல்லாம் ஒரு லட்சியமே இல்ல’. இவற்றை உடன்பாடாக மாற்றி ‘அவர் என் பேச்சை லட்சியம் செய்தார்’ என்று எழுதினால் பழைய நாவல் வாடை அடிக்கும். ‘பொருட்படுத்தாமல்’ என்பதும் இப்படித்தான். அதன் உடன்பாட்டு வடிவம் எழுத்தில் உண்டு, பேச்சில் அரிது.

அலட்சியம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அ என்ற எதிர்மறை முன்னொட்டு இந்த முதற்பொருளை மட்டுமே மறுக்கிறது. குறிக்கோள் இல்லாத வாழ்க்கையை ‘அலட்சியமான வாழ்க்கை’ என்று சொன்னால் பொருள் வேறாகிவிடும். அதற்கு ‘லட்சியமற்ற வாழ்க்கை’ என்றுதான் எழுத வேண்டும்.

ஒற்றுமிகா:
இலக்கு, லட்சியம் இரண்டும் ஏன் வேறு வேறு உருவில் இருக்கின்றன என்பதற்கு ஒலி விதி உண்டு. வடமொழி ‘க்ஷ’ தமிழுக்கு இரண்டு வாசல் வழியாக வந்தது. பழைய வாசலில் அது ‘க்க’ ஆனது, பிந்திய வாசலில் ‘ட்ச’ ஆனது. தீக்கை-தீட்சை, தக்கிணம்-தட்சிணம், இயக்கன்-யட்சன், இலக்கம்-லட்சம், இலக்கணம்-லட்சணம், இலக்கியம்-லட்சியம். இடப்பக்கம் இருப்பவை செய்யுளிலும் உரையிலும் வளர்ந்தவை, வலப்பக்கம் இருப்பவை பேச்சிலும் பிற்கால உரைநடையிலும் வளர்ந்தவை.

நன்னூல் பதவியலின் கடைசிப் பகுதியான வடமொழியாக்கத்தில் இந்தப் பழைய வாசலுக்கு விதி சொல்லியிருக்கிறார் பவணந்தி. ‘ஐந்து இருகவ்வும்’ என்ற தொடர் அதுதான். முப்பதுக்கு மேல் ஐந்தாவது, அதாவது வடமொழி மெய் வரிசையில் 35ஆவதான க்ஷ, இரண்டு ககரமாகத் திரியும் என்பது கருத்து. சொல்லின் முதலில் வந்தால் ஒரே ககரம்: க்ஷீரம், கீரம் ஆகும். அடுத்த விதி, ல முதலில் வரும் சொல்லுக்கு முன்னால் இகரமோ உகரமோ சேரும் என்கிறது. லாபம் இலாபம், லோபம் உலோபம். இரண்டு விதியையும் ‘லக்ஷ்ய’ மேல் வைத்தால் வருவது ‘இலக்கியம்’. முதல் விதியை விட்டு இரண்டாவதை மட்டும் வைத்தால் ‘இலட்சியம்’. இரண்டையும் விட்டால் ‘லட்சியம்’.

ஒரே மூலத்திலிருந்து வந்த இரட்டைகள் பொருளைப் பங்குபோட்டுக்கொள்வது வழக்கம். ‘இலக்கணமான பெண்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘லட்சணமான பெண்’தான். ‘தமிழ் லட்சணம்’ படித்தேன் என்றும் சொல்வதில்லை. ‘இந்த லட்சணத்துல...’ என்று திட்டும்போதும் இலக்கணம் வராது.

நாவல்மரம்:
ஒற்றுமிகா, இலக்கியம் வடசொல் லக்ஷ்யத்திலிருந்து வந்தது என்று முடிவாகச் சொல்ல முடியுமா? இலக்கு என்பதையே தமிழ் வேராகக் கொண்டு, அதிலிருந்து இலக்கணமும் இலக்கியமும் பிறந்தன என்று தனித்தமிழ் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்களே. தொல்காப்பியத்திலேயே ‘புறத்திணை இலக்கணம் திறப்படக் கிளப்பின்’ என்று வருகிறது. அவ்வளவு பழைய சொல்.

ஒற்றுமிகா:
பழமை ஒரு சொல்லின் பிறப்பைத் தீர்க்காது, நாவல்மரம். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் அதே தொல்காப்பியத்தில் இருக்கிறது: ‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே.’ அந்தக் காலத்திலேயே வரவு நடந்துகொண்டிருந்தது.

நான் வடமொழிப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இணைகள். லக்ஷணம்-இலக்கணம், லக்ஷ்யம்-இலக்கியம், லக்ஷம்-இலக்கம் என்று ஒரே குடும்பத்தின் மூன்று உறுப்பினர்கள் உருவிலும் பொருளிலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ‘லக்ஷம்’ வடமொழியில் குறி என்றும் நூறாயிரம் என்றும் பொருள்படும். தமிழ் ‘இலக்கம்’ அந்த இரண்டையும் வைத்திருக்கிறது. இத்தனை பொருத்தமும் தற்செயலாக அமைவது கடினம். இலக்கு என்ற குற்றியலுகர வடிவம் மட்டும் தமிழ் மண்ணில் உருப்பெற்றது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

இலக்கம் குறி என்ற பொருளில் ஆளப்பட்டதற்குக் குறள் 627 போதும்:

இலக்கம் உடம்பிடும்பைக் கென்று கலக்கத்தைக்
கையாறாக் கொள்ளாதாம் மேல்.

உடம்பு துன்பத்துக்கு இலக்கு என்று தெரிந்தவர் கலங்குவதை ஒழுக்கமாகக் கொள்ளமாட்டார். இங்கே இலக்கம், வந்து தைக்கும் இடம். அடைய வேண்டிய ஒன்று என்ற பொருள் துளியும் இல்லை. இன்றும் ‘கேலிக்கு இலக்கானார்’, ‘தாக்குதலுக்கு இலக்கானது’ என்று எழுதும்போது வள்ளுவர் ஆண்ட அதே பொருளைத்தான் ஆள்கிறோம்.

பனையோலை:
இலக்கியம் என்ற சொல் நூலிலக்கியத்தைக் குறித்ததும் இந்த வழியில்தான். லக்ஷணம் என்பது அடையாள விதி. லக்ஷ்யம் என்பது அந்த விதி எதைக் குறிவைத்துச் சொல்லப்பட்டதோ அந்த எடுத்துக்காட்டு. ‘இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பல்’ என்ற நன்னூல் தொடரை அப்படிப் படித்தால் தெளிவாகும். கர்நாடக இசையில் இன்றுவரை இந்த இணை உயிரோடு இருக்கிறது. பாடாந்தரத்தையும் (குரு வழியாக வந்த பாடல் வடிவம்) மேடையில் பாடப்படுவதையும் லக்ஷ்யம் என்பார்கள், ராக விதிகளை லக்ஷணம் என்பார்கள். ஒரு பிரயோகம் ‘லக்ஷ்யத்தில் இருக்கிறது, லக்ஷணத்தில் இல்லை’ என்றால், பாடுகிறார்கள், ஆனால் நூல் விதியில் இல்லை என்று பொருள். அங்கே போய் இந்தச் சொல்லைக் குறிக்கோள் என்று படித்துவிடக் கூடாது.

மைக்கூடு:
வேர்ப்பகுதி தெளிவாகிவிட்டது. நான் இருபதாம் நூற்றாண்டு வழக்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய லட்சியத்தின் எடை அங்கேதான் கூடியது.

விடுதலைப் போராட்டக் காலத்திலும் அதன் பிறகான இயக்க அரசியலிலும் லட்சியம் என்பது கொள்கைக்குப் பக்கத்து வீட்டுச் சொல். எஸ்.எஸ். ராஜேந்திரனை ‘லட்சிய நடிகர்’ என்று அழைத்தது அவருக்குப் பெரிய நடிகராகும் ஆசை இருந்தது என்பதற்காக அல்ல. புராண வேடங்களில் நடிப்பதில்லை என்ற கொள்கை உறுதிக்காக. லட்சியவாதி என்றால் கொள்கைக்காக இழப்பை ஏற்பவர். மேலாளர் பதவிக்கு இரண்டே ஆண்டில் வந்துவிடத் துடிக்கும் ஒருவரை லட்சியவாதி என்று எழுதினால் வாசகர் வேறு ஆளை நினைத்துக்கொள்வார். நாளிதழ் மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கும் பிழை இது.

இன்னொரு நல்ல சான்று 1967 தேர்தலில் தி.மு.க. முழங்கிய அரிசி வாக்குறுதி: ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.’ இந்த ஒரு வரி எந்த அகராதியைவிடவும் கூர்மையாக லட்சியத்தின் எல்லையைக் காட்டுகிறது. மனத்தில் உயர்ந்த நிலையாக வைத்துக்கொண்டு நோக்கிப் போவது லட்சியம், கைக்கு எட்டும் என்று உறுதி சொல்லக்கூடியது நிச்சயம். இரண்டுக்கும் இடையே இடைவெளி உண்டு என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. ‘இலக்கு’ என்று போட்டிருந்தால் இந்த நயம் கிடைத்திருக்காது. இலக்கு என்றால் எப்போது எட்டுவீர்கள் என்ற கேள்வி உடனே வந்திருக்கும்.

சொல்லடுக்கு:
மிக்க நன்றி. அப்படியானால் ‘அம்பிஷன்’ என்பதற்கு லட்சியம் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது?

மைக்கூடு:
அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் விடை பாதி வந்துவிடும். இலத்தீனில் ‘அம்பி’ என்றால் சுற்றிலும், ‘இரே’ என்றால் போதல். ரோமானியக் குடியரசில் பதவிக்குப் போட்டியிடுபவர் ஊரைச் சுற்றி வந்து, கைகொடுத்து, ஆதரவு கேட்பதுதான் ‘அம்பிட்டியோ’. இதே வேரில் பிறந்த ‘அம்பிட்டுஸ்’ தேர்தல் முறைகேட்டுக் குற்றத்தின் பெயர். கி.மு. 63இல் சிசரோ கன்சலாக (ரோமின் தலைமை ஆட்சியர்) இருந்தபோது கொண்டுவந்த சட்டம் அந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டு நாடுகடத்தலைத் தண்டனையாகச் சேர்த்தது. பதவிக்காகச் சுற்றி அலைவது என்ற கறை அந்தச் சொல்லில் பல நூற்றாண்டுகள் ஒட்டியிருந்தது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில் புரூட்டஸ் சீசர்மேல் சுமத்தும் குற்றமும், அந்தோணி தன் உரையில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லி உடைப்பதும் இந்தச் சொல்தான். அங்கே ‘சீசர் லட்சியம் கொண்டவர்’ என்று தமிழில் போட்டால் கொலைக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். பதவி வெறி, அதிகார ஆசை, பேராசை என்ற பக்கம்தான் போக வேண்டும்.

நம் லட்சியத்துக்கு அந்தக் கறை கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் புகழ்ச்சியாக வரும்போதும்கூட, ஆசையின் பொருள் தன்னலமா பொதுநலமா என்று பார்த்துவிட்டுத்தான் லட்சியம் எழுத வேண்டும். ‘மருத்துவராகிக் கிராமத்தில் பணியாற்றுவது’ லட்சியம். ‘முப்பது வயதுக்குள் கோடி சேர்ப்பது’ ஆசை, கனவு, திட்டம், இலக்கு எதுவாகவும் இருக்கலாம். பேசுபவர் அதைத் தன் லட்சியம் என்று சொல்லிக்கொண்டால் அப்படியே விடலாம், மூன்றாமவர் எழுதும்போது வேண்டாம்.

வடகரை:
பதவி தேடுவதற்குத் தமிழில் உள்ள சொல்லையும் பாருங்கள். வேள் என்ற வினைக்கு விரும்பு என்று பொருள். வேள் + கை வேட்கை. வேள் + பு வேட்பு. அதிலிருந்து வேட்பாளர், வேட்புமனு. ‘கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்ற குறளில் ‘வேட்ப’ (விரும்ப) என்று வருவதும் இந்த வினைதான். விரும்புகிறவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தேர்தலில் நிற்கும் சொல் நம்முடையது.

அச்சுமேசை:
மொழிபெயர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, பெயர்ச்சொல்லை முடிவு செய்யும் முன் வினையை முடிவு செய்யுங்கள் என்பது. ஒவ்வொரு சொல்லும் தனக்கான வினையோடுதான் வரும். வினை பொருந்தவில்லை என்றால் பெயரும் தவறு.

இலக்கு நிர்ணயிக்கப்படும், எட்டப்படும், தவறவிடப்படும். எண்ணும் நாளும் கேட்கும் சொல் அது. விற்பனை இலக்கு, கொள்முதல் இலக்கு, வரி வசூல் இலக்கு. ஐ.நா. 2015இல் ஏற்று 2030க்குள் அடைய வேண்டும் என்று வைத்த 17ஐயும் ‘நிலையான வளர்ச்சி இலக்குகள்’ என்று தமிழாக்கியது சரியான தேர்வு. ஆண்டு இருக்கிறது, அளவீடு இருக்கிறது. அவற்றை லட்சியங்கள் என்றிருந்தால் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

லட்சியம் கொள்ளப்படும், ஈடேறும், நிறைவேறும். அதற்காக வாழலாம், உழைக்கலாம், அதிலிருந்து வழுவலாம். ‘லட்சியத்தைத் தவறவிட்டார்’ என்பது காதுக்கு ஒட்டாது. ‘லட்சியத்திலிருந்து விலகினார்’ என்போம். ஆளோடு பல ஆண்டு இருக்கும் ஒன்று என்பதால் காலாண்டு லட்சியம் என்று யாரும் எழுதுவதில்லை.

குறிக்கோள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிறுவனம், சங்கம், பாடத்திட்டம் எதற்கும் குறிக்கோள் உண்டு. வாழ்க்கைக்கும் உண்டு. தனித்தமிழ் நடையில் லட்சியம் வர வேண்டிய இடத்திலெல்லாம் குறிக்கோள் வரும், பெரும்பாலும் பொருந்தும். பொருட்படுத்தல் என்ற பொருளுக்கு மட்டும் பொருந்தவே பொருந்தாது. ‘உயிரைக் குறிக்கோள் செய்யாமல்’ என்று எந்திர மொழிபெயர்ப்பு போட்டுவிடும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்.

நோக்கம் நல்லதும் கெட்டதும் ஆகும். தீய நோக்கம், உள்நோக்கம் உண்டு. தீய லட்சியம் என்று எழுதத் தமிழ்க் கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் லட்சியத்தின் தரத்தைக் காட்டுகிறது.

வேட்கை தணியும், அடையப்படாது. நீர்வேட்கை என்றால் தாகம். அந்த உடற்பொருள் இன்னும் போகவில்லை. அறிவு வேட்கை, விடுதலை வேட்கை எழுதலாம். ‘வேட்கையை எட்டினார்’ தவறு.

முனைப்பு இப்போது அரசுக் குறிப்புகளில் சுறுசுறுப்பு என்ற பொருளில் தாராளமாக வருகிறது. சைவ சித்தாந்த நூல்களில் அது ஆணவத்தின் செயல். ‘தன்முனைப்பு’ என்பதில் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. ‘முனைப்புடன் பணியாற்றினார்’ புகழ்ச்சி, ‘முனைப்பு மிக்கவர்’ இரண்டுபடும். ஆளுக்கு அடைமொழியாக வைக்காதீர்கள்.

கனவு இன்னொன்று. அப்துல் கலாம் மாணவர்களிடம் கனவு காணச் சொன்ன பிறகு அந்தச் சொல்லின் ‘வீண் எண்ணம்’ என்ற நிழல் வெகுவாகக் குறைந்தது. இப்போது நாளிதழ்களில் பெருந்திட்டம் எதுவும் ‘கனவுத் திட்டம்’. ‘லட்சியத் திட்டம்’ என்பதைவிட அது இயல்பாகவே விழுகிறது.

பனங்காய்ப் பணியாரம்:
இலங்கை வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. எங்கட பத்திரிகையளிலும் பாடப்புத்தகங்களிலும் ‘இலட்சியம்’, ‘இலட்சம்’ என்று இகரத்தோடுதான் எழுதுறது. தமிழ்நாட்டில் இகரத்தை விட்டு எழுதுறது கூடுதல்.

இலக்கம் எண்டால் எங்களுக்கு எண். தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், வாகனத்துக்கு இலக்கத் தகடு. தமிழ்நாட்டு வாசகர் ‘உங்கள் இலக்கம் என்ன’ எண்ட கேள்வியை இலக்கு என்று எடுத்துக் குழம்பக் கூடாது.

மற்றது அபிலாஷை. தமிழ்நாட்டில் இது அரிதாகப் போன சொல். எங்கட அரசியல் எழுத்தில் ‘தமிழ் மக்களின் அரசியல் அபிலாஷைகள்’ என்பது நிலைத்த தொடர், பெரும்பாலும் பன்மையில் வரும். அதை லட்சியங்கள் என்று மாற்றினால் பிழை. லட்சியம் ஒருவர் அல்லது ஓர் இயக்கம் வரித்துக்கொள்வது. அபிலாஷை ஒரு மக்கள் கூட்டத்துக்கு இயல்பாக உள்ள வேணவா. பேச்சுவார்த்தையில் ‘அபிலாஷைகளை நிறைவு செய்தல்’ என்பார்கள், ‘அடைதல்’ என்று சொல்லமாட்டார்கள். அச்சுமேசை அண்ணை சொன்ன வினைச் சோதனை இதுக்கும் சரிவரும்.

அச்சுமேசை:
அருமையான குறிப்பு. தமிழ்நாட்டில் அந்த இடத்தை ‘விழைவு’ பிடித்துக்கொண்டிருக்கிறது. 2018இல் இந்திய அரசு தொடங்கிய, 112 மாவட்டங்களைக் கொண்ட திட்டத்தை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தமிழாக்கினார்கள். விருதுநகரும் இராமநாதபுரமும் அதில் உண்டு. ‘பின்தங்கிய’ என்ற சொல்லைத் தவிர்க்கவும் முடிந்தது, விருப்பத்தைப் பெயரெச்சமாகவும் வைக்க முடிந்தது. ‘லட்சிய மாவட்டங்கள்’ என்று போட்டிருந்தால் முன்மாதிரி மாவட்டங்கள் என்று பொருள் தலைகீழாகியிருக்கும்.

நாவல்மரம்:
வடசொல் வருமுன் தமிழர் உயர்ந்த நிலையை எண்ணவே இல்லையா என்ற கேள்வி வரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். குறள் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை முழுவதும் இதுதான். வள்ளுவர் அங்கே ஆளும் சொற்கள் ஊக்கம், உள்ளம், உரம். ‘உள்ளம் உடைமை உடைமை’ என்பதில் உள்ளம் என்பது மனம் என்ற உறுப்பு அல்ல, மேலே எழும் எண்ணம். ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்பது அந்தப் பெயரை வினையாக்கிச் சொல்வது. எண்ணியது கைகூடாவிட்டாலும் அந்த எண்ணம் கைகூடியதற்கு ஒப்பு என்று அடுத்த அடி முடிக்கிறது.

குறிபார்த்தலை வைத்தே உயர்ந்த எண்ணத்தைச் சொன்ன குறளும் உண்டு, படைச்செருக்கில்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

முயலைத் தவறாமல் எய்த அம்பைவிட யானைமேல் எறிந்து தவறிய வேல் மேல். லட்சியம் என்ற சொல் இல்லாமலே அதன் இலக்கணம் இதில் இருக்கிறது.

குறிக்கோள் என்பதும் பலர் நினைப்பதுபோல் தனித்தமிழ் இயக்கம் ஆக்கிய சொல் அல்ல. குறி + கோள். கோள் என்பது கொள் என்ற வினை முதனிலை நீண்டு பெயரானது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் திருக்கொண்டீச்சரப் பதிகத்தில், பாலனாய்க் கழிந்த நாளையும் இளமையில் கழிந்த நாளையும் மூப்பில் கோலூன்றிக் கழிந்த நாளையும் எண்ணி, ‘குறிக்கோள் இலாது கெட்டேன்’ என்று பாடுகிறார். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு குறி வேண்டும் என்ற இன்றைய பொருள் அந்த வரியில் முழுசாக இருக்கிறது.

அவா மட்டும் வேறு. அது பிறப்பீனும் வித்து என்று அவாவறுத்தலில் சொல்லப்பட்டதிலிருந்து, தனியே நின்றால் துறக்கப்பட வேண்டியதாகவே தமிழில் ஒலிக்கிறது. பேரவா என்று எழுதுகிறவர்கள் இந்தச் சுமையை நினைவில் வைக்க வேண்டும்.

வடகரை:
பேச்சு வழக்கில் மக்கள் பெரும்பாலும் பெயரே சொல்வதில்லை. ‘அவன் பெருசா வரணும்னு நினைக்கிறான்’, ‘மேல வரத் துடிக்கிறா’ என்று வினையில் முடித்துவிடுவார்கள். அளவு மீறினால் பழமொழி தயாராக இருக்கிறது. ‘அகலக்கால் வைக்காதே’ என்பது தொழிலில் கைமீறிப் போகிறவருக்கு. ‘கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்’ என்பது சிறியதை முடிக்காமல் பெரியதைப் பேசுகிறவருக்கு. முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது ஏளனம். இடம் மாற்றிப் போட்டால் உறவே கெடும். அண்மையில் இளைஞர் பேச்சில் வெறி என்ற சொல் பாராட்டாக மாறியிருக்கிறது: ‘செம வெறியோட படிக்கிறான்.’ பதவி வெறி என்ற கூட்டில் மட்டும் பழைய பழிப்பு அப்படியே நிற்கிறது.

சொல்லடுக்கு:
பெயர்ச்சொல் புரிந்தது. பெயரடையாக வந்தால் என்ன செய்வது? வேலை விளம்பரத்தில் ‘அம்பிஷியஸ்’ ஆட்கள் தேவை என்று வருகிறது. ‘அம்பிஷியஸ்’ திட்டம் என்றும் வருகிறது.

அச்சுமேசை:
ஒரே பெயரடை தேடாதீர்கள், கிடைக்காது. விளம்பரத்துக்கு ‘முன்னேறத் துடிக்கும் விற்பனைப் பிரதிநிதிகள் தேவை’. ஆள் விவரிப்பில் புகழ்ச்சி என்றால் ‘உயர எண்ணுபவர்’, ‘பெரிய நோக்கம் கொண்டவர்’. பழிப்பு என்றால் ‘பதவிக்கு அலைபவர்’, ‘நாற்காலி ஆசை பிடித்தவர்’. திட்டத்துக்கு அளவே முக்கியம் என்றால் ‘மாபெரும் திட்டம்’, செய்து முடிப்பது கடினம் என்பது முக்கியம் என்றால் ‘துணிந்து வகுத்த திட்டம்’, ஒரு தலைவரின் விருப்பம் என்றால் ‘கனவுத் திட்டம்’. இலக்கோடு சேர்ந்து வந்தால் ‘எட்டக் கடினமான இலக்கு’. ‘லட்சிய இலக்கு’ வேண்டாம். ஒரே வேரை இரண்டு முறை எழுதுவதாகும்.

வசனவரி போன்ற குறுகிய இடத்தில் பெயரடையை விட்டுவிட்டு வினையால் சொல்லுங்கள். ‘ஷி இஸ் அம்பிஷியஸ்’ என்பதற்கு ‘அவ சாதிக்கப் பிறந்தவ’ என்று மிகைப்படுத்த வேண்டாம். ‘அவ இதோட நிக்கமாட்டா’ போதும். சூழல் பார்த்துப் புகழ்ச்சியாகவும் எச்சரிக்கையாகவும் அது நிற்கும், மூலத்தைப் போலவே.

ஒற்றுமிகா:
பழைய இதழ்களிலும் தரவுத் தொகுப்பிலும் இந்தச் சொல்லைத் தேடுபவர்களுக்கு: லட்சியம், இலட்சியம், லக்ஷியம், இலக்ஷியம், லக்ஷ்யம் என ஐந்து எழுத்துக்கோவையும் போட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி உரைநடையில் லக்ஷியம் நிறைய வரும். லட்சியம் மட்டும் தேடினால் அந்தக் காலம் காலியாகத் தெரியும். வேற்றுமை உருபு ஏறும்போது ம் கெட்டு ‘த்து’ வருவதால் (லட்சியத்தை, லட்சியத்துக்கு) ‘லட்சிய’ என்ற அடியைத் தேடுங்கள். ஆனால் அந்த அடி ‘அலட்சிய’த்துக்குள்ளும் இருக்கிறது. அதைக் கழிக்காவிட்டால் எண்ணிக்கை ஊதிவிடும். செய்திகளில் அலட்சியம் ஏராளம், ‘அதிகாரிகளின் அலட்சியம்’ ஒன்றே போதும். சொல் எல்லையைக் கணிக்கும் குறியீடு சில கருவிகளில் தமிழ் உயிர்க்குறிகளைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. முன்னால் இடைவெளி வைத்துத் தேடுவது பாதுகாப்பு. பழைய அகராதிகளில் ல வரிசையில் கிடைக்கவில்லை என்றால் இ வரிசைக்குப் போங்கள்.

மைக்கூடு:
ஒற்றுப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். லட்சியம் முன்னால் வந்து வல்லினம் தொடர்ந்தால் ம் போய் ஒற்று மிகும்: லட்சியப் பயணம், லட்சியக் கனவு, லட்சியத் தலைவர். லட்சியவாதி, லட்சிய நடிகர் இவற்றில் ஒற்று இல்லை. குறிக்கோளின் பன்மை குறிக்கோள்கள்; குறிக்கோட்கள் வேண்டாம், கள் இங்கே விகுதி. இலக்கு நான்காம் வேற்றுமையில் இலக்குக்கு, இலக்கிற்கு இரண்டும் வழக்கில் உள்ளன, ஒரே கட்டுரையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பனங்காய்ப் பணியாரம்:
மைக்கூடு, ‘இலட்சியம்’ முன்சொல்லோடு சேர்ந்தால்? ‘வாழ்க்கை இலட்சியம்’ என்று பிரித்து எழுதுறதா, ‘வாழ்க்கையிலட்சியம்’ என்று சேர்த்து எழுதுறதா?

மைக்கூடு:
பிரித்தே எழுதுங்கள். யகர உடம்படுமெய் வந்து சேர்ந்தால் ‘வாழ்க்கையில்’ என்று கண் நின்றுவிடும், மீதி ‘அட்சியம்’ என்று தொங்கும். செய்யுளில் சேர்க்கலாம், உரைநடையில் இடைவெளி விடுவதுதான் வாசகருக்கு உதவி.